மேலிருந்து நோக்குவதா, கீழிருந்து நோக்குவதா?

பங்குச் சந்தையில் சேமிப்பை இடுபவர் முதலில் ஆராய வேண்டியது நாட்டின் நிலையையா, கம்பனியின் கணக்கையா? பழைய கேள்விதான். எனினும், யுத்தத்திற்குப் பிந்திய இலங்கையின் அனுபவம் அதற்குத் தெளிவானதொரு பதிலைத் தந்திருக்கின்றது.

வட்டி வீதம், பணவீக்கம், நாணயமாற்று வீதம், அரசின் கடன்சுமை ஆகியவற்றை முதலில் எடைபோட்டு, பின்னர் துறையையும் இறுதியில் கம்பனியையும் தெரிவு செய்வது மேலிருந்து கீழ்நோக்கிய அணுகுமுறையாகும். கம்பனியின் இலாபம், கடன், நிர்வாகத்தின் நேர்மை, பங்கின் விலை என்பவற்றிலிருந்து ஆரம்பிப்பது கீழிருந்து மேல்நோக்கிய அணுகுமுறையாகும்.

2009 மே மாதம் யுத்தம் முடிவுற்றதும் கொழும்பில் மேலோங்கியது முதலாவது பார்வையே. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2009 இல் சுமார் 125 சதவீதமும், 2010 இல் சுமார் 96 சதவீதமும் உயர்ந்தது. இலாபம் காட்டாத கம்பனிகளின் பங்குகளும் ஏறின. கடன்பட்டுப் பங்கு வாங்கியோரும் பலர். 2011 இல் பொருளாதாரம் சுமார் 8 சதவீதத்தால் வளர்ந்தபோதிலும், சந்தை சரிந்தது. நாட்டைப் பற்றிய கணிப்பு பிழைக்கவில்லை. கம்பனியைப் பாராததே பிழையாயிற்று.

2022 இல் நேர்மாறானதொரு பாடம் கிடைத்தது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்துகை இடைநிறுத்தப்பட்டது. 18 ஆம் திகதி முதல் ஐந்து நாட்கள் சந்தையே மூடப்பட்டது. அவ்வாண்டில் சுட்டெண் சுமார் 30 சதவீதம் வீழ்ந்தது. கணக்கேடுகளில் பலமாகத் தோன்றிய வங்கிகள்கூட, தாம் வைத்திருந்த அரச பிணைமுறிகளுக்காகப் பெருந்தொகையை ஒதுக்க நேர்ந்தது. கம்பனியை மட்டும் பார்த்தவர்கள் அரசின் கடனைப் பார்க்கவில்லை.

அதேவேளை, மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, டொலரில் வருமானம் ஈட்டும் ஏற்றுமதிக் கம்பனிகளின் ரூபா வருவாய் பெருகியது. ரூபா வீழும் என்பதை மேலிருந்து நோக்கியவர் அறியலாம். அதனால் எக்கம்பனி பயனடையும் என்பதைக் கீழிருந்து நோக்கியவரே அறிவார். எனவே இவை எதிரெதிரான வழிகளல்ல. ஒன்றின் குறையை மற்றையது நிரப்புகின்றது.

வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம் முதலீட்டாளருக்கு இரண்டாவது வழி தெரிவன்று, கட்டாயமாகும். கம்பனியின் கடனையும் வட்டி வருமானத்தையும் தனித்தனியே ஆராயாது அவர் பங்கு வாங்க முடியாது. ஆனால் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. தமிழில் வாசிக்கும் சிறு சேமிப்பாளருக்கு எஞ்சுவது வதந்தியும் தரகரின் வார்த்தையுமே.

கணக்கைத் தம் மொழியில் வாசிக்க இயலாதவரிடம் கணக்கைப் பார்த்து முதலிடுமாறு கூறுவதில் பயனில்லை. கம்பனிகளின் நிதிநிலைச் சுருக்கங்களேனும் தமிழில் வெளியாவதைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு உறுதிப்படுத்த வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.