படம் யாருடையது?

கொஞ்சம் சங்கடமான விஷயம். குடும்பத்தோடு படிக்கிற பக்கமாச்சே என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். ஆனால் காலேஜ் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில்தான் இதை முதலில் பேச வேண்டும் என்று படுகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஒருவருடைய அந்தரங்கப் படம் அவர் சம்மதமில்லாமல் நெட்டில் பரவுகிறது. எப்படி நீக்குவது? இங்கே புனேயில் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இந்தப் பேச்சு வந்தால் உடனே வரும் பதில், "காபிரைட் நோட்டீஸ் அனுப்புங்க, தூக்கிடுவாங்க" என்பதுதான்.

அது தப்பில்லை. அமெரிக்காவில் 1998-லேயே டிஎம்சிஏ சட்டம் வந்துவிட்டது. நோட்டீஸ் வந்தும் நீக்காவிட்டால் தளமும் வழக்கில் மாட்டலாம். அதனால் "என் மானம் போகுது" என்று அழுதால் அசையாத தளம்கூட "என் காபிரைட் போகுது" என்றால் அசையும். சம்மதமில்லாத அந்தரங்கப் படத்தை 48 மணி நேரத்தில் நீக்கச் சொல்லும் தனிச் சட்டம் அங்கே வந்தது 2025 மே மாதத்தில்தான். மானத்தைவிட சரக்குக்குத்தான் முதல் மரியாதை!

சரி, காபிரைட்டையே பிடித்துக்கொள்வோம். நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். செல்ஃபி என்றால் உரிமை அந்தப் பெண்ணுக்கு. காதலன் எடுத்திருந்தால்? உரிமை அவனுக்கு. பரப்பியவனே சொந்தக்காரன் ஆகிவிடுகிறான். இது போதாதென்று, காபிரைட் நோட்டீஸில் பெயர், தொடர்பு விவரம் எல்லாம் எழுத வேண்டும். ஊர் கண்ணில் படாமல் ஒதுங்க நினைக்கும் பெண் எப்படி எழுதுவாள்?

என் கட்சி இதுதான்: "படம் யாருடையது?" என்பதே தவறான கேள்வி. "பரப்ப அவள் சம்மதித்தாளா?" என்பதுதான் சரியான கேள்வி.

நம் சட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி பிரிவைச் சேர்த்தார்கள். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு. படம் எடுக்க ஒரு பெண் ஒப்புக்கொண்டிருந்தாலும், அடுத்தவருக்குக் காட்ட ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பரப்புவது குற்றம் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. அது பெண்களுக்கு மட்டும். ஐடி சட்டத்தின் 66இ, 67ஏ பிரிவுகளில் ஆண், பெண் பேதமில்லை. 67ஏ-யில் முதல் முறைக்கே ஐந்து வருடம் வரை சிறை. வெளியிடுவது மட்டுமல்ல, அனுப்புவதும் அதில் அடக்கம். "எனக்கு வந்தது, ஃபார்வர்ட் பண்ணினேன், அவ்வளவுதான்" என்று தப்ப முடியாது. மேற்கு வங்கத்தில் காதலியின் படங்களைப் பரப்பியவனுக்கு 2018-ல் ஐந்து வருடம் தண்டனை கிடைத்தது.

நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இன்னொரு குழப்பம். பெண் கோவை ஹாஸ்டலில், அப்பா அம்மா புனேயில், பரப்பியவன் எங்கேயோ. எந்த ஸ்டேஷனுக்குப் போவது? எதற்கு வேண்டுமானாலும் போகலாம். "எங்க லிமிட்ல வராது" என்று சொல்லாமல் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தளத்திலும் புகார் செய்யலாம். ஸ்டாப் என்சிஐஐ என்று 2021-ல் தொடங்கிய இலவச சேவை ஒன்று இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் போனிலேயே அதற்கு ஒரு விரல்ரேகை போன்ற குறியீட்டை உருவாக்கி, அதை மட்டும் அனுப்பும். சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தடுக்கும். 18 வயது முடிந்தவர்களுக்கு மட்டும்.

ஆனால் இதெல்லாம் பயன்பட, பிள்ளை முதலில் நம்மிடம் வந்து சொல்ல வேண்டும். "நீ ஏன் எடுத்தே?" என்பதுதான் நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்று தெரிந்தால் சொல்லுவார்களா? மிரட்டுகிறவன் நம்பியிருப்பது அந்த ஒரு கேள்வியைத்தான். வீட்டில் பையன் இருந்தால், வந்த படத்தை அழிக்கச் சொல்லிக்கொடுங்கள். பெண் இருந்தால், எது நடந்தாலும் உன் பக்கம்தான் என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள். நடந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது.