கடலுக்குத் தூண்டிலோடு போகிறீர்களா? எது முதலில் அறுந்து போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுக் கட்டுங்கள்!

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கடல் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஆனால், சேலம் மாவட்டத்துத் தண்ணீருக்கு அந்த வழி பழக்கமானதுதான். ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி, சுவேதா நதியுடன் சேர்ந்து வெள்ளாறு என்று பெயர் மாறி, பரங்கிப்பேட்டையில் வங்காள விரிகுடாவில் கலக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இயங்குவதும் இந்த முகத்துவாரத்தை ஒட்டித்தான். ஆற்றுத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடம் என்பதால் கிழங்கான், மடவை, கெளுத்தி, கொடுவா என்று பல மீன்கள் இங்கே புழங்குகின்றன.

மேட்டூர் பக்கம் தூண்டில் போட்டுப் பழகியவர்கள், விடுமுறைக்கு இந்தப் பக்கம் வரும்போது ராடையும் ரீலையும் காரில் போட்டுக்கொண்டு கிளம்புவது உண்டு. வந்ததும் நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் வீச்சிலேயே ஈயக்குண்டு எதிலோ மாட்டிக்கொள்ளும். அப்பா இழுப்பார், பையன் இழுப்பான், கடைசியில் 'டப்' என்று அறுந்து போகும். ``போனா போகுது, நூறு ரூபாய்தானே!'' என்று அடுத்த ரெடிமேட் பாக்கெட்டைப் பிரிப்பார்கள்.

போனது நூறு ரூபாய் மட்டும் அல்ல. ரீலுக்குப் பக்கத்தில் அறுந்திருந்தால் 20, 30 மீட்டர் நைலான் நரம்பு, இரண்டு முட்கள், ஓர் ஈயக்குண்டு எல்லாம் தண்ணீருக்குள் கிடக்கும். நைலான் மக்குவதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம் என்கிறார்கள். அதுவரை அது மீன், நண்டு, நீர்ப்பறவை, ஆமை என்று எதையாவது சுற்றிக்கொண்டே இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரை இது. காலையில் இதே தண்ணீரில் இறங்கி வலை இழுக்கும் மீனவரின் காலிலும் அந்த முள் குத்தும்.

தூண்டில் என்றாவது அறுந்துதான் தீரும். அதைத் தடுக்க முடியாது. எங்கே அறுக்க வேண்டும் என்பதை மட்டும் நம்மால் முடிவு செய்ய முடியும். தூண்டில் கட்டும் கலையின் பாதி இதில்தான் இருக்கிறது.

முதல் கேள்வி: கீழே என்ன இருக்கிறது?

'என்ன மீன் பிடிக்கலாம்?' என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். 'கீழே மணலா, சேறா, கல்லா?' என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம், ``அண்ணே, இங்க அடியில மணலா, கல்லா?'' என்று கேட்டால் போதும். எந்த மொபைல் ஆப்பும் அவரைவிடத் தெளிவாகச் சொல்லாது. வலை கட்டியிருக்கும் இடத்தையும் படகு வந்து போகும் வழியையும் அப்போதே கேட்டுக்கொண்டால், அவர் பிழைப்புக்கும் இடைஞ்சல் இருக்காது.

பதிலைப் பொறுத்துக் கட்டு மாறும். கரையிலிருந்து தூண்டில் போடுபவருக்கு மூன்று கட்டுகள் தெரிந்தால் போதும்.

1. ஓடும் ஈயம்: அடியில் மணல் என்றால்

ரீலிலிருந்து வரும் பிரதான நரம்பை ஈயக்குண்டின் துளை வழியாக விட வேண்டும். அடுத்து ஒரு பாசிமணி. அதற்கு அடுத்து ஸ்விவல் எனப்படும் சுழலும் சிறு வளையத்தில் நரம்பைக் கட்ட வேண்டும். ஸ்விவலின் மறுபக்கத்தில் 45 முதல் 60 சென்டிமீட்டர் நீளத்தில் தனி நரம்பு. இதை 'லீடர்' என்பார்கள். அதன் நுனியில் முள்.

மீன் இரையைக் கவ்விக்கொண்டு நகரும்போது நரம்பு ஈயத்தின் துளை வழியாக வழுக்கிக்கொண்டு ஓடும். ஈயத்தின் கனம் மீனுக்குச் சட்டென்று தெரியாது. அதனால் சந்தேகப்பட்டுத் துப்பாது. பாசிமணி எதற்கு? ஈயம் வந்து இடித்து இடித்து முடிச்சு நைந்துபோகாமல் இருக்க. நீரோட்டம் இருந்தால் உருண்டைக் குண்டு உருண்டுகொண்டே போகும். தட்டையாகவோ கூம்பாகவோ உள்ள ஈயம் மணலில் ஊன்றி நிற்கும்.

2. அடியில் ஈயம், மேலே முட்கள்: கிழங்கானுக்கு

இதில் ஈயம் நரம்பின் கடைசியில் தொங்கும். அதற்கு மேலே ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் சிறு கிளைகளாக ஒன்றோ இரண்டோ முட்கள். கிளை 10 முதல் 15 சென்டிமீட்டர் இருந்தால் போதும். அதிகமானால் பிரதான நரம்பைச் சுற்றிக்கொண்டு சிக்காகும். இரை தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்பதால், நண்டு வந்து கொறித்துவிட்டுப் போவதும் குறையும். கிழங்கானுக்கு வாய் சிறியது. 6 அல்லது 8-ம் எண் முள்ளில் சிறு துண்டு இறால் குத்தினால் சரியாக இருக்கும்.

முள்ளின் எண்ணில் பலரும் ஏமாறுவார்கள். எண் கூடக் கூட முள் சிறிதாகும். 8-ஐவிட 4 பெரியது, 4-ஐவிட 1 பெரியது. அதற்கு மேல் 1/0, 2/0, 3/0 என்று வந்தால் கணக்கு தலைகீழ். அங்கே எண் கூடக் கூட முள்ளும் பெரிதாகும்.

3. தக்கைக் கட்டு: கல், வேர், பாசி இருந்தால்

கீழே மாட்டிக்கொள்ள ஏதாவது இருந்தால், கீழேயே போகாமல் இருப்பது நல்லது. தக்கை மேலே மிதக்கும், அதற்குக் கீழே சிறு ஈயம், பிறகு முள். தண்ணீரின் ஆழத்தைவிட ஒரு முழம் குறைவாக இரை தொங்கினால் எதிலும் மாட்டாது. தக்கை சாய்வதையும் முழுகுவதையும் பார்க்கப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது என்று தூண்டிலோடு அங்கே போக வேண்டாம். அது வனத்துறையின் பொறுப்பில் உள்ள அலையாத்திக் காடு. அங்கே படகில் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கே அறுக்க வேண்டும்?

பெரும்பாலும் கல்லில் மாட்டுவது ஈயம்தான். எனவே, ஈயத்தைப் பிரதான நரம்பில் நேரடியாகக் கட்டாமல், ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய நரம்பில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஓடும் ஈயக் கட்டிலும் இதைச் செய்யலாம். ஈயத்துக்குப் பதிலாக ஒரு சிறு வளையத்தைக் கோத்து, அதிலிருந்து மெல்லிய நரம்பில் ஈயத்தைத் தொங்கவிட்டால் போதும்.

சிறு மீன்களுக்கான கணக்கு இப்படி இருக்கலாம். பிரதான நரம்பு 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7 கிலோ இழுவை தாங்குவது. லீடர் 12 பவுண்டு, ஐந்தரைக் கிலோ. ஈயத்தின் நரம்பு 6 பவுண்டு, மூன்று கிலோவுக்கும் குறைவு. ஈயம் மாட்டினால் அந்த மெல்லிய நரம்பு மட்டும் அறும். முள் மாட்டினால் லீடர் அறும். இரண்டிலும் 20 மீட்டர் நரம்பு தண்ணீரில் போகாது. ஈயம் மாட்டிய நேரத்தில் முள்ளில் மீன் இருந்தால், அதுவும் கரைக்கு வந்து சேரும்.

கொடுவாவுக்குப் போகிறவர்கள் இதைச் சற்று மாற்ற வேண்டும். அதன் செவுள் மூடியின் ஓரம் கத்திபோல் இருக்கும், மெல்லிய நரம்பை அறுத்துவிடும். லீடர் 30 பவுண்டாவது வேண்டும். அப்படியானால் பிரதான நரம்பு அதைவிட வலுவாக இருக்க வேண்டும். லீடரை மட்டும் தடியாக்கிவிட்டுப் பின்னால் பழைய 15 பவுண்டையே வைத்திருந்தால், வாயில் முள்ளோடும் பின்னால் நீளமான நரம்போடும் மீன் போய்விடும்.

சேலத்துக்கு முடிச்சு புதிதா?

தறியில் இழை அறுந்தால் இணைப்பதற்கு உலகெங்கும் நெசவாளர்கள் போடும் ஒரு முடிச்சு உண்டு. வலையில் கண்ணுக்குக் கண் மீனவர்கள் போடும் முடிச்சும் அமைப்பில் அதுவேதான். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால், ஒற்றை நைலான் நரம்பு பருத்தி நூல் அல்ல, வழுக்கும். முள்ளைக் கட்டுவதற்கு நரம்பு தன்னையே பல முறை சுற்றி இறுக்கிப் பிடிக்கும் முடிச்சு வேண்டும். 'யூனி' முடிச்சு அதில் எளிமையானது. முள், ஸ்விவல், ஈயம் மூன்றுக்கும் இது ஒன்றே போதும்.

* நரம்பை முள்ளின் காது வழியாக விட்டு, ஒரு சாண் வெளியே இழுத்து, பிரதான நரம்புக்கு இணையாகப் பின்னால் மடக்கவும்.
* மடக்கிய நுனியை முள்ளின் பக்கம் திருப்பி, இரண்டு நரம்புகளின் மேல் ஒரு வளையம் வரும்படி பிடிக்கவும்.
* நுனியை, இணையாகக் கிடக்கும் இரண்டு நரம்புகளையும் சேர்த்து, வளையத்துக்கு உள்ளாக ஐந்து முறை சுற்றவும். பின்னல் நரம்பு என்றால் ஏழெட்டுச் சுற்று.
* முடிச்சைத் தண்ணீரில் நனைத்து, நுனியை மெதுவாக இழுத்துச் சுற்றுகளை ஒழுங்காகச் சேர்க்கவும்.
* பிரதான நரம்பை இழுத்து முடிச்சை முள்ளின் காதுவரை நகர்த்தி இறுக்கவும். நுனியில் மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டவும்.

நனைப்பதைப் பலரும் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உலர்ந்த நைலானை வேகமாக இறுக்கினால் உராய்வில் சூடாகும். சூடுபட்ட இடம் பலம் இழக்கும். இறுக்கிய பிறகு முள்ளை ஒரு கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீச வேண்டும். மீன் இழுத்துச் சோதிக்கும் முன் நாம் சோதிப்பது நல்லது.

இதைக் கடற்கரைக் காற்றில், ஈரக் கையோடு கற்றுக்கொள்ள முடியாது. கிளம்புவதற்கு முந்தைய வாரம், வீட்டில் ஒரு பழைய சாவி வளையத்தில் இருபது முறை கட்டிப் பழகினால் கைக்கு வந்துவிடும். கட்டுகளை அங்கேயே தயார் செய்து, ஒவ்வொன்றையும் அட்டையில் சுற்றி எடுத்துப் போகலாம்.

அறுந்த நுனி சொல்லும் செய்தி

அறுந்ததும் அடுத்த முள்ளைக் கட்ட அவசரப்படாமல், அறுந்த நுனியை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. அடுத்த முறை ஒரு சுற்று கூட வேண்டும். நுனி வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தால் கல்லிலோ சிப்பியிலோ தேய்ந்திருக்கிறது. இடத்தையோ கட்டையோ மாற்ற வேண்டும். கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் பல்லோ செவுளோ பட்டிருக்கலாம். லீடரைத் தடிமனாக்க வேண்டும்.

குடும்பத்தோடு போகும்போது

ஈயம் நஞ்சு. சிறு ஈயக்குண்டுகளைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகக் கூடாது. குறடு வைத்துக்கொள்ள வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்கு, சுண்டல் வேண்டாம்.

மாட்டிய நரம்பைக் கையில் சுற்றி இழுக்கக் கூடாது, சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னால் நடந்து இழுக்க வேண்டும். விடுபடும் ஈயக்குண்டு கவண்கல் போலத் திரும்பி வரும். ஈயத்தை மெல்லிய நரம்பில் கட்டியிருந்தால் இவ்வளவு பலமாக இழுக்கும் தேவையே இருக்காது.

கெளுத்தி, ஓரா, திருக்கை மூன்றுக்கும் நச்சு முள் உண்டு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால் வலி தணியும். மருத்துவரிடமும் போக வேண்டும். முகத்துவாரத்தில் ஓதம் வடியும்போது இழுவை பலமாக இருக்கும். முழங்கால் தண்ணீர்தானே என்று பிள்ளைகளை இறங்கவிடக் கூடாது.

கோடை விடுமுறையில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையில் நின்று தூண்டில் போடுபவரை அது கட்டுப்படுத்தாது. ஆனால், ஒரு மாவட்டத்தின் விசைப்படகுகள் மொத்தமும் கரையில் நிற்கும்போது, பொழுதுபோக்குக்கு வந்தவர் குஞ்சு மீனையும் சினை மீனையும் தண்ணீரிலேயே விட்டுவிடுவதுதான் நியாயம். அதற்கு முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கி வைத்தால், மீனுக்குக் காயம் பெரிதாகாமல் எளிதாகக் கழற்றலாம்.

கிளம்பும்போது ஒரு காலி தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு போட்டு வெட்டிய நுனிகள், சிக்கான நரம்பு, மணலில் யாரோ விட்டுப்போன துண்டுகள் எல்லாம் அதற்குள் போகட்டும். மாலையில் திரும்பும்போது ஐஸ் பெட்டியில் மீன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாட்டிலில் நரம்பு இருந்தாக வேண்டும்.