நிற்கும் இடமும் விலக்கும் பொருளும்

ஒளிப்படத்தின் தரத்தைக் கேமராவின் விலையே தீர்மானிக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், ஒரு படத்தை நினைவில் நிறுத்துவது அதன் காட்சியமைப்பே. அதாவது, சட்டகத்துக்குள் எவை இடம்பெற வேண்டும், எவை விலக்கப்பட வேண்டும், இடம்பெறுபவை எவ்வாறு பொருந்தி அமைய வேண்டும் என்று படமெடுப்பவர் செய்யும் தேர்வே ஆகும்.

பிரான்ஸின் தென்பகுதியிலுள்ள ஈயேர் நகரில் 1932ஆம் ஆண்டு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இத்தேர்வின் ஆற்றலுக்குச் சிறந்த சான்று. படிக்கட்டின் மேலிருந்து கீழ்நோக்கி எடுக்கப்பட்ட அப்படத்தில், வளைந்திறங்கும் இரும்புக் கைப்பிடியும் படிகளும் பார்வையைத் தெருவுக்கு இட்டுச் செல்ல, அங்கே மிதிவண்டியில் விரையும் ஒருவர், வேகத்தால் சற்றே கலங்கிய உருவமாக, இடப்புற மேற்பகுதியில் தென்படுகிறார். பார்வையை இவ்வாறு முதன்மைப் பொருளிடம் கொண்டு சேர்ப்பவை வழிநடத்தும் கோடுகள் எனப்படும். வயல் வரப்பும் தண்டவாளமும் மதில் விளிம்பும் இப்பணியைச் செய்ய வல்லவை.

மிதிவண்டிக்காரர் படத்தின் நடுவில் இல்லை என்பதும் கருதத்தக்கது. சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரித்து, முதன்மைப் பொருளை அக்கோடுகளின் மீதோ அவை வெட்டும் புள்ளிகளுக்கு அருகிலோ வைப்பது மூன்றில் ஒரு பங்கு விதி. இதை 1797இல் ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித், நிலக்காட்சி ஓவியம் குறித்த தம் நூலில் எடுத்துரைத்தார். இன்று கைபேசிக் கேமராவின் அமைப்புகளில் உள்ள கட்டக் கோடுகள் இவ்விதிக்கு உரியவையே. எனினும், குளத்து நீரில் தலைகீழாகத் தெரியும் கோபுரத்தைப் போல இருபுறமும் ஒத்த காட்சிக்கு நடுவே உரிய இடமாதலால், விதியைக் காட்சிக்கேற்பக் கையாள வேண்டுமேயன்றி, காட்சியை விதிக்குள் திணிக்கலாகாது.

ஈயேரின் படிகள் அசையாதவை, தெருவும் அசையாதது, அவற்றின் வளைவுகள் ஒன்றோடொன்று இசையும் இடத்தில் படமெடுத்தவர் நின்றதாலேயே, கடந்து சென்ற ஒருவரின் கணநேர இயக்கம் பொருள் பெற்றது. கார்ட்டியே பிரெஸ்ஸோன் ஒளிப்படத்துக்கு வருமுன் ஆந்த்ரே லோத் என்னும் ஓவியரிடம் பயின்றவர் என்பதை நோக்க, இத்தகைய கண் பயிற்சியால் கூர்மை பெறுவது என்பது தெளிவாகும். படம் எடுக்குமுன் சட்டகத்தின் நான்கு விளிம்புகளையும் ஒருமுறை நோக்கி, தலைக்குப் பின்னால் முளைத்தது போலத் தோன்றும் மின்கம்பத்தையோ ஓரத்தில் துண்டாகத் தெரியும் கையையோ விலக்க ஓரடி நகர்ந்து நிற்பவர், புதிய கருவி எதுவும் வாங்காமலே தம் படங்களை மேம்படுத்திக்கொள்ள இயலும்.