1924: ஓராண்டை இரண்டாக வெட்டும் வரலாற்றுத் துறை

2024இல் இரண்டு நூற்றாண்டு நினைவுகள் நம்மைக் கடந்து சென்றன. 1924க்குப் பின் பாரிஸ் மாநகரம் மீண்டும் ஒலிம்பிக் போட்டிகளை நடத்தியது. வைக்கம் போராட்டத்தின் நூற்றாண்டைக் கேரளமும் தமிழகமும் கொண்டாடின. முன்னதை விளையாட்டுப் பக்கமும் பின்னதை அரசியல் பக்கமும் பங்கிட்டுக்கொண்டன. நாளேடுகள் அப்படிப் பிரிப்பதில் வியப்பில்லை. பல்கலைக்கழகங்களும் அதே பாகப்பிரிவினையைச் செய்வதை ஏற்பதற்கில்லை. திருவனந்தபுரத்தில் ஆய்வு செய்பவன் என்ற முறையில் இதை உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1924 ஜூலை மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் 110 மீட்டர் தடையோட்டத்தில் கண்ணூரைச் சேர்ந்த சி. கே. லட்சுமணன் ஓடினார். ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் மலையாளி அவர். அதே மாதத்தில் திருவிதாங்கூர் பெருவெள்ளத்தில் மூழ்கியது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் இன்றும் அது ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே நினைவுகூரப்படுகிறது. வைக்கத்தில் சத்தியாக்கிரகிகள் அந்த வெள்ள நீரில் நின்றபடியே போராட்டத்தைத் தொடர்ந்தனர். இரண்டாம் முறை சிறைப்பட்ட பெரியார் திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர்கள் கேட்டது கோயிலைச் சுற்றியுள்ள பொதுச்சாலையில் நடக்கும் உரிமையை மட்டுமே.

‘இன்னும் விரைவாக, இன்னும் உயரமாக, இன்னும் வலிமையாக’ என்ற முழக்கம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது அந்தப் பாரிஸ் போட்டியில்தான். உலகம் விரைவை அளந்துகொண்டிருந்த வேளையில் இங்கே மனிதர்கள் நடப்பதற்கே அனுமதி வேண்டி நின்றனர். இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாத பாடநூல் எதைக் கற்பிக்கிறது?

‘இது வலிந்த ஒப்புமை, இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை’ என்று மறுப்பவர்கள் உண்டு. காரணத் தொடர்பு உண்டென்று நான் வாதிடவில்லை. யாருடைய உடல், எந்த வெளியில், யாருடைய அனுமதியுடன் இயங்கலாம் என்ற கேள்வி இரண்டு இடங்களிலும் ஒன்றே என்கிறேன். பாரிஸும் எல்லோரையும் வரவேற்ற திடல் அன்று. தோற்ற ஜெர்மனிக்கு அழைப்பு இல்லை. பெண்களுக்குத் தடகளப் போட்டிகளே இல்லை. 1928 வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. நீளம் தாண்டுதலில் இந்தியாவின் தலிப் சிங் பங்கேற்ற அதே போட்டியில் தங்கம் வென்ற வில்லியம் டிஹார்ட் ஹப்பர்ட், தனிநபர் தங்கம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். அவருடைய நாட்டின் தென்மாநிலங்களில் அவருடைய இனத்தாரைச் சட்டமே ஒதுக்கி வைத்திருந்தது. பாரிஸ் ஓடுகளத்தில் பெண்களுக்கு இடமில்லாத அந்த ஆண்டில்தான் நாகம்மையாரும் கண்ணம்மாளும் வைக்கத்துக்குப் போராட வந்தனர். இதில் வலிந்து கூட்டிய செய்தி எது?

இரண்டாவது மறுப்பு இன்னும் மலிவானது: ‘விளையாட்டு ஓர் ஆய்வுப் பொருளா?’ 1924இன் இந்திய அணி வானத்திலிருந்து குதிக்கவில்லை. சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், அந்த அணி உருவானதில் முக்கியப் பங்காற்றினார். ஓட்டக்காரரை உருவாக்கத் திடல் வேண்டும். திடலுக்குக் கல்லூரி வேண்டும். கல்லூரிக்குச் செல்லச் சாலை வேண்டும். அந்தச் சாலை எல்லோருக்கும் திறந்திருந்ததா என்பதே வைக்கத்தின் வினா. விளையாட்டு வரலாற்றை ஒதுக்குபவர், கல்வி, சாதி, பேரரசு ஆகியவற்றின் வரலாற்றிலும் ஒரு பக்கத்தைக் கிழித்தெறிகிறார்.

1924இல் இந்தியாவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை; லட்சுமணன் இறுதிச் சுற்றை எட்டவில்லை. ஆகவே நம் நினைவு 1928இன் ஹாக்கித் தங்கத்துக்குத் தாவிவிடுகிறது. லட்சுமணனுக்கு வினாடி வினாவில் ஒரு வரி மட்டுமே மிஞ்சுகிறது. அந்த 1928 அணியின் தலைவர் ஜெய்பால் சிங், அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காக வாதாடியவர். அவரையும் நாம் இரண்டு ஆட்களாகவே படிக்கிறோம்: ஹாக்கி வீரர் ஒருவர், அரசியலாளர் ஒருவர்!

இந்நகரின் ஆவணங்கள் நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. 1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வரை நடந்தே வந்த சவர்ணப் பேரணி, இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை ரீஜண்ட் மகாராணியிடம் அளித்தது. 1925 பிப்ரவரியில் இங்குள்ள சட்ட மேலவையில் சாலைகளைத் திறக்கக் கோரிய தீர்மானம் 22க்கு 21 என்ற வாக்குகளில் தோற்றது. ஒரே ஒரு வாக்கு! ஓட்டப்பந்தயத்தில் நூலிழையில் தோற்றவரை நாம் கொண்டாடுகிறோம். இந்த ஒரு வாக்கு தடுத்து நிறுத்திய கால்களை எந்தத் துறை எண்ணியிருக்கிறது?

ஆய்வு மாணவர்களிடம் என் வேண்டுகோள் இது. இரு போர்களுக்கிடைப்பட்ட எந்த ஓர் ஆண்டையும் எடுங்கள். அதன் விளையாட்டுப் பதிவுகளையும் ஆட்சிப் பதிவுகளையும் ஒரே மேசையில் விரியுங்கள். யார் ஓடினார் என்பதோடு, யார் திடலின் வாயிலில் நிறுத்தப்பட்டார் என்றும் கேளுங்கள். நெறியாளர் ‘இது எந்தத் துறை?’ என்று வினவினால் தயங்காமல் சொல்லுங்கள்: வரலாறு.