அரை செகண்ட் உதைக்கிறது

நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டர் பற்றி எழுதினால் நண்பர்கள், 'உனக்கெதுக்குடா இந்த வம்பு?' என்பார்கள். ஆனால், 2024-ல் நடந்த ஒரு சமாசாரம் இன்ஜினீயர்களைவிடக் கணக்கு எழுதுகிறவர்களுக்குத்தான் சீக்கிரம் புரியும்.

முதல் வேலையில் எனக்கொரு சீனியர் இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் பாங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் எங்கள் புத்தகத்துக்கும் ஐம்பது பைசா உதைத்தது. மணி ஏழு. வயிற்றில் பசி.

'சார், அந்த அம்பது பைசாவை நானே போட்டுடறேன்.'

'போடுவே தம்பி. வித்தியாசம்தான் அம்பது பைசா. தப்பும் அம்பது பைசாதான்னு யார் சொன்னா? ரெண்டு பெரிய தப்பு ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கிட்டு, மிச்சம் அம்பது பைசா வெளியே தலையை நீட்டலாமில்லே?'

வீட்டுக்குப் போகும்போது பத்தரை.

ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் இந்த ரகம். மைக்ரோசாஃப்ட்டில் இன்ஜினீயர். 2024 மார்ச்சில் தன் லினக்ஸ் மெஷினில் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்.எஸ்.ஹெச். வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை செகண்ட் அதிகமாவதைக் கவனித்தார். நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? 'நெட் ஸ்லோ' என்று டீ குடிக்கப் போயிருப்போம். அவர் போகவில்லை. நோண்டினார்.

கிடைத்தது பெருச்சாளி. எக்ஸ்.இஸட். என்று ஃபைல்களைச் சுருக்கும் சாதாரண இலவச மென்பொருள். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். ரகசியச் சாவி வைத்திருப்பவன், அந்தப் பதிப்பு இருக்கிற சர்வர்களில் பாஸ்வேர்டே இல்லாமல் புகுந்து முதலாளியாக உட்காரலாம். திருட்டு கோடை ஒளித்த இடம்தான் அழகு: மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்திருந்த சோதனை ஃபைல்களுக்குள். ஆடிட்டரின் பெட்டியிலேயே கள்ள நோட்டு!

மார்ச் 29-ம் தேதி, புனித வெள்ளியன்று, ஃப்ராய்ண்ட் விஷயத்தைப் பகிரங்கப்படுத்தினார். அந்தப் பதிப்புகள் பெரும்பாலும் லினக்ஸின் சோதனை வெளியீடுகளுக்குத்தான் போயிருந்தன. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் உலகெங்கும் சர்வர்களில் குடியேறியிருக்கும்.

எனக்கு உறுத்துவது கதவு இல்லை. கதவு வைத்த விதம்.

எக்ஸ்.இஸட்.டைப் பல வருஷங்களாகப் பார்த்துக்கொண்டவர் லாஸ்ஸே காலின் என்கிற ஃபின்லாந்துக்காரர். சம்பளம் கிடையாது. 2021-ல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் கொடுத்தார். 2022-ல் வேறு சில பெயர்களிலிருந்து நச்சரிப்பு ஆரம்பித்தது. 'ஏன் இவ்வளவு லேட்? முடியலைன்னா வேற ஆள்கிட்ட கொடுங்க' என்கிற தோரணையில். ஒரு பெயர் 'ஜிகர் குமார்'. நம் தேசத்துப் பெயர் மாதிரி! எல்லாமே ஒரே கூட்டத்தின் பொய்ப் பெயர்கள் என்பது பலரின் சந்தேகம்.

காலின் பதில் எழுதினார். தனக்கு நெடுநாளாக மனநலப் பிரச்னை இருக்கிறது, இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்கிற வேலை என்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு ஜியா டானின் கைக்குப் போனது. ஜியா டான் யார், ஒருவரா பலரா, பின்னால் ஏதாவது அரசாங்கமா என்பது இதுவரை வெளிச்சத்துக்கு வரவில்லை.

பாருங்கள், கோடிக்கணக்கில் புழங்குகிற கம்பெனிகளின் சர்வர்களிலெல்லாம் இந்த மனிதரின் மென்பொருள் இருந்தது. களைத்துப்போன அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக ஒத்தாசை செய்தது யார்? திருட வந்தவன்.

உங்கள் ஆபீஸிலும் ஒரு காலின் இருப்பார். யாருக்கும் புரியாத ஒரு பழைய ஃபைலைத் தனியாகக் கட்டி அழுதுகொண்டிருப்பார். இன்றைக்கு அவரை டீக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் கூப்பிடாவிட்டால் ஜியா டான் கூப்பிடுவான்.