கடலாமையும் காட்சிக் கட்டணமும்

அகநானூற்றிலே ஒரு நெய்தற் பாட்டு உண்டு. சூல்முதிர்ந்த ஆமை மணலிலே முட்டைகளைப் புதைத்துவைக்க, குஞ்சு வெளிவருமளவும் ஆணாமை அவற்றைப் பேணி நிற்பதாக அது கூறும். இன்றைய விஞ்ஞானம் இதனை ஒப்பாது. ஆண் கடலாமை முட்டை காப்பதில்லை. பெண்ணும் ஏறத்தாழ நூறு முட்டைகளை மணலுக்கு ஒப்படைத்துக் கடலுக்கு மீண்டுவிடும். பின்வரும் ஐம்பது, அறுபது நாட்களுக்கு அவற்றைக் காப்பவர் யார்? புலவர் ஆணாமைக்கு அளித்த பணி இன்று மனிதனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

தங்காலைக்கு அண்மையிலுள்ள ரெக்கவக் கிராமத்தார் அப்பணியை ஏற்றனர். முன்னர் முட்டைகளைத் தோண்டி விற்றவர்களே, 1996 முதல் ஊதியம் பெற்று, அவற்றை இட்ட இடத்திலேயே காக்கலாயினர். 2006 இல் அக்கரை சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இரவில் ஆமை பார்க்க வரும் உல்லாசப் பிரயாணிகளின் பணமும் இக்காவலுக்குத் துணையாயிற்று. ஆதலின், பிரயாணிகளை முற்றாகத் தடுத்துவிட வேண்டும் என்போரோடு நான் உடன்படேன். 1972 முதல் ஆமைக்குச் சட்டக் காவல் உண்டு. அதன் பின்னரும் முட்டை விற்பனை நடந்ததன்றோ! வறிய வீட்டுக்குச் சட்டத்தை மட்டும் காட்டிப் பயனில்லை.

ஆயினும், காசு கொடுத்தவன் காட்சி கேட்பான். இடர் தோன்றுவது இங்கேதான். கரையேறும் ஆமை வெளிச்சத்தையோ நடமாட்டத்தையோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். கடலின் மங்கிய ஒளியை நோக்கி ஓட வேண்டிய குஞ்சுகள், விடுதி விளக்கை நாடி நிலத்துக்குள் சென்று மடியும். தென்மேற்குக் கரையிலுள்ள குஞ்சு பொரிப்பகங்கள் சிலவற்றிலே, பிறந்த குஞ்சுகளைப் பிரயாணிகள் காண்பதற்காகத் தொட்டிகளில் நாட்கணக்கில் வைத்திருக்கும் வழக்கமும் ஏற்பட்டது. முதல் நாட்களில் ஆழ்கடலை அடைவதற்கென இயற்கை வழங்கிய வலு தொட்டிச் சுவரை மோதியே வீணாகின்றது. இதனைப் பாதுகாப்பு என்பது பொருந்துமா?

கட்டணம் காட்சிக்கு உரியதாக இருத்தல் கூடாது. காவலுக்கு உரியதாக இருத்தல் வேண்டும் என்பதே எனது துணிபு. ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை வந்தவர்கள் தொலைவிலே காத்திருக்க வேண்டும். ஒரு முறைக்குச் சிலரே அணுக வேண்டும். ஒளிப்படக் கருவியின் மின்வெட்டு அறவே ஆகாது. ஆமை வராத இரவும் உண்டு. அவ்விரவிலும் காவலாளிக்குக் கூலி கிடைத்தால்தான், மறுநாள் வந்த ஆமையை அவசரப்பட்டுக் காட்டும் நிர்ப்பந்தம் அவனுக்கு இராது.

மாணவரைக் கல்விச் சுற்றுலாவிலே தென்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டியிலுள்ள குஞ்சைக் கையில் ஏந்தக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அக்குஞ்சு ஏன் இன்னும் கடலில் இல்லை என்று மாணவரைக் கேட்கச் செய்யுங்கள். அன்றைய பாடம் அக்கேள்வியாகவே இருக்கட்டும்.