டோக்கன் அட்வான்ஸ் யாருடைய பணம்?

"இனிமேல் எந்த வீட்டுக்காரரும் இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது, புதுச் சட்டம் வந்தாச்சு!" என்று 2025-ன் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியதே, தோழியரே, உங்களுக்கும் வந்திருக்கும். எங்கள் தெருவில் அதைக் காட்டி வாதாடப் போன ஒரு மாமி மூக்குடைபட்டுத் திரும்பினார். இரண்டு மாதம் என்பது, மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தில் இருக்கிற கணக்கு. பெயரிலேயே 'மாதிரி' இருக்கிறது பாருங்கள்! மாநிலங்கள் விரும்பினால் அதைப் பார்த்துத் தங்கள் சட்டத்தை எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நம் தமிழ்நாட்டுக்கு 2017-ல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அதுதான் நடப்பு. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. ஆனால் 'இதற்கு மாறாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று ஒரு வாசகத்தையும் கூடவே சொருகி வைத்திருக்கிறார்கள். அது ஒன்று போதாதா? ஆறு மாதம், பத்து மாதம் என்று இன்னமும் கேட்கிறார்கள். நாமும் வளையலை அடகு வைத்துக் கொடுக்கிறோம்.

அந்தப் பெரிய அட்வான்ஸையாவது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் கொடுக்கிறோமே, டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு தொகை, அதன் கதி என்ன? வீட்டைப் பார்த்துப் பிடித்துப் போனதும், "ஒரு பத்தாயிரம் கொடுத்துட்டுப் போங்க, வேற யாருக்கும் காட்ட மாட்டேன்" என்பார்கள். பாட்டி காலத்தில் இதையே அச்சாரம் என்றார்கள். வாடகைச் சட்டம் பேசுவதெல்லாம் ஒப்பந்தம் போட்டுக் குடிவந்தவரைப் பற்றி. குடியே வராமல் பேச்சோடு முறிந்து போனால், டோக்கனுக்கென்று அதில் தனி விதி கிடையாது. இந்த ஓட்டையில்தான் எத்தனையோ வீட்டின் சிறுவாட்டுப் பணம் விழுந்துகொண்டிருக்கிறது.

என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவள் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று மடிப்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்தாள். ஆனி மாதம் டோக்கன் பத்தாயிரம் கொடுத்து, ஆடி கழிந்து ஆவணியில் பால் காய்ச்சுவதாகப் பேச்சு. நாலாம் நாள் வீட்டுக்காரரிடமிருந்து போன். "ஆம்பளைத் துணை இல்லாத குடும்பத்துக்குக் கொடுக்கறதில்லைன்னு வீட்டுப் பெரியவர் சொல்லிட்டார்ம்மா." சரி, அவர் வீடு, அவர் இஷ்டம். பணம்? "அடுத்த ஆள் வந்து டோக்கன் கொடுக்கட்டும், தர்றேன்." புரோக்கரைக் கேட்டால், "டோக்கன்னா ரிட்டர்ன் கிடையாதுங்க, ஊர் வழக்கமே அதுதான்" என்கிறார்.

ஊர் வழக்கமாவது, ஒன்றாவது! பேச்சை முறித்தது யார்? வீட்டுக்காரர். வீட்டைத் தராமல், வீட்டுக்காகக் கொடுத்த பணத்தை மட்டும் வைத்துக்கொள்ள அவருக்கு என்ன பாத்தியதை? கொடுத்தவர் பின்வாங்கினால் ஏதோ பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் டோக்கனுக்கு அர்த்தம். வாங்கினவர் பின்வாங்கினாலும் வாங்கினவருக்கே என்றால், அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

சரி, நாமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? இங்கேதான் பலரும் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு ஒரு மாத வாடகையை டோக்கனாகக் கொடுத்தாள். கணவரின் மாற்றல் உத்தரவு ரத்தாகிவிட்டது. சொல்லிய ஒரே வாரத்தில் அந்த வீடு 16,000-க்குப் போய்விட்டது. ஆனாலும் பணம் வரவில்லை. "நீங்கதானே வேண்டாம்னீங்க" என்று பதில்.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு என்ன சொல்கிறதென்றால், பேச்சு தவறினவரிடம் நியாயமான நஷ்டஈடு வாங்கலாம், முன்பே பேசிய தொகை அதற்கு உச்சவரம்பு. இதை வைத்து உச்ச நீதிமன்றம் 2015-ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனையை 3.12 கோடிக்கு ஏலம் விட்டது. ஏலம் எடுத்த கம்பெனியின் முன்பணம் 78 லட்சத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையைப் பிறகு 11.78 கோடிக்கு விற்றது. உங்களுக்கு நஷ்டமே இல்லாதபோது முன்பணத்தை எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்ட நீதிமன்றம், பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அது மனை வழக்கு, கம்பெனிக்காரர்கள் சமாசாரம். அங்கே கம்பெனி பேச்சுத் தவறவும் இல்லை. ஆனாலும் 16,000-க்கு வீட்டை விட்டவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதேதான்: உங்களுக்கு என்ன நஷ்டம்?

வீட்டுக்காரர்கள் எல்லாம் அரக்கர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுகிறவள்தான். டோக்கன் வாங்கிய பிறகு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருப்போம், வீடு சும்மா கிடக்கும், வாடகையை நம்பிக் குடும்பம் நடத்துகிற விதவைகளும் இருக்கிறார்கள். அதற்குக் கணக்குப் பார்த்துப் பிடிக்கட்டுமே! 15,000 வாடகை என்றால் நாளுக்கு 500. எட்டு நாள் வீடு சும்மா இருந்தால் 4,000. மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே? ஆடி மாதம் முழுக்க வீடு காலியாகக் கிடந்தது என்று கணக்குச் சொல்பவர்களும் உண்டு. ஆடியில் யார் ஐயா வீடு மாறுகிறார்கள்?

என் அண்ணன் மகள் படிப்புக்காக இங்கிலாந்து போனபோது அங்கே உள்ள முறையைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். அங்கே 2019-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வீட்டைப் பிடித்து வைக்க வாங்கும் பணம் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. வேறு நாள் பேசிக்கொள்ளாவிட்டால் பதினைந்து நாளுக்குள் ஒப்பந்தம் முடிய வேண்டும். வீட்டுக்காரர் பின்வாங்கினால் ஏழு நாளில் பணம் திரும்ப வேண்டும். குடிவர இருந்தவரே வேண்டாம் என்றாலோ, பொய்த் தகவல் தந்தாலோ பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். நம் சட்டத்திலும் இப்படி நாலு வரி சேர்க்க அரசாங்கத்துக்கு என்ன சிரமம்? மகளிர் சங்கங்கள் இதைக் கேட்கலாம்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது காகிதம்தான். டோக்கன் கொடுக்கும்போதே, "இன்ன வீட்டுக்கு, இன்ன தேதிக்குள் ஒப்பந்தம் போடுவதற்காக இவ்வளவு, வீட்டுக்காரர் பின்வாங்கினால் முழுப் பணமும் திரும்ப, நாங்கள் பின்வாங்கினால் வீடு சும்மா இருந்த நாளுக்கு மட்டும் பிடித்தம்" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூச்சம் வேண்டாம். ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்பி, குறிப்பில் 'டோக்கன்' என்று எழுதினால் அதுவும் ஒரு சாட்சி. பணத்தைப் புரோக்கர் கணக்குக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். நாளை இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார்.

என் தங்கை சண்டைக்குப் போகவில்லை. தேதி, தொகை, அவர் போனில் சொன்னது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஜிபே ரசீதின் நகலை இணைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினாள். தவறினால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போவேன் என்று கடைசி வரி. பதினோராம் நாள் பத்தாயிரமும் அவள் கணக்குக்கு வந்தது. புரோக்கர் மட்டும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த ஆணைக்குழு விஷயம் நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, பெண் என்றாலே இலவச சட்ட உதவி உண்டு. கணவர் சம்பளம் எவ்வளவு, சொந்த வீடு உண்டா என்ற கணக்கெல்லாம் கிடையாது. மாவட்ட நீதிமன்றத்திலும் தாலுகா நீதிமன்றங்களிலும் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வழக்குப் போடாமலே மனுக் கொடுத்தால், எதிர்த் தரப்பை அழைத்துப் பேசி லோக் அதாலத்தில் முடித்து வைக்கப் பார்ப்பார்கள். கோர்ட்டுக் கட்டணம் இல்லை. பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருஷம் வரை அவகாசம் உண்டு என்றாலும், போன் பேச்சும் வாட்ஸ்அப் செய்தியும் அழியுமுன் கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எங்கள் மாடிப் போர்ஷனும் அடுத்த மாதம் காலியாகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பம் பார்க்க வருகிறார்கள். மேலே சொன்ன துண்டுத் தாளை இரண்டு பிரதி எழுதி, அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, குரோம்பேட்டை